இரு மொழிக் காசுகளும் நம் கடமையும்

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஒருவரை 'நாணயமானவர்' என்று நாம் போற்றும்போது அவரிடம் எவ்வளவு பணம் உள்ளது என்பதை எண்ணுவதில்லை. அவர் சொல் செல்லுமா என்பதையே எண்ணுகிறோம். காசும் அத்தகையதே. அதன் மதிப்பில் உலோகம் ஒரு பங்கு. அதை வாங்குகிறவர் அதன்மேல் வைக்கும் நம்பிக்கை மற்றொரு பங்கு. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட மக்கள் ஒருவர் காசை ஒருவர் நம்பி வாங்கிய இடங்களில், அந்த நம்பிக்கையே வடிவாகவும் எழுத்தாகவும் காசின்மேல் பதிந்து கிடக்கிறது. அத்தகைய காசுகளைப் பற்றியும், அவற்றைத் தேடிச் சேர்ப்போர் மேற்கொள்ள வேண்டிய நெறி பற்றியும் நம் கருத்தை இம்மலரில் முன்வைக்க விழைகிறோம்.

பட்டுப் பாதையின் துளைக் காசு

சீனத்துக் காசு அச்சில் வார்க்கப்படுவது. நடுவே சதுரத் துளை உடையது. கயிற்றில் கோத்துச் சரமாகத் தூக்கிச் செல்லத் தக்கது. மேற்கே பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் வழங்கிய காசோ, இரு முத்திரைகளுக்கு இடையே உலோகத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்படுவது, துளை இல்லாதது. செய்முறையாலேயே வேறுபட்ட இவ்விரு மரபுகளும் நடு ஆசியாவில் கைகோத்தன.

சீனத்தில் தாங்கு அரச மரபினர் கி.பி. 621-இல் வெளியிட்ட காசைப் பார்த்துச் சமர்கந்து நகரத்துச் சோக்தியர்கள் தாமும் சதுரத் துளைக் காசுகளை வார்த்தனர். அவற்றில் தம் மொழியில் தம் அரசர் பெயரைப் பொறித்தனர். பின்னர்ப் பத்தாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய காராகானியத் துருக்கியரின் நிலப்பரப்பில், சதுரத் துளையைச் சுற்றி அரபு எழுத்து ஓடும் வார்ப்புக் காசுகளும் தோன்றின. உடல் சீனத்து உடல். எழுத்து அரபு எழுத்து. இன்றைய கசகஸ்தான், கிர்கிஸ்தான் பகுதிகளில் கிடைக்கும் இச்சிறு செப்புத் துண்டுகள் உலகெங்கும் உள்ள காசு சேகரிப்போரை மயக்கி வருகின்றன. அம்மரபு அத்தோடு அற்றுப் போகவில்லை. 1760-ஆம் ஆண்டளவில் யார்கந்து நகரில் சீனப் பேரரசு வார்த்த செம்புக் காசுகளிலும் ஒரு புறம் சீன எழுத்தும் மறுபுறம் மஞ்சு எழுத்தோடு அரபு எழுத்தும் இடம்பெற்றன.

இவற்றைச் செய்தவர்கள் புதுமைக்காகச் செய்தார்கள் என்று நாம் கருதவில்லை. சந்தைக்கு வரும் வணிகனுக்கு எந்த வடிவம் பழக்கமோ அந்த வடிவத்தைக் கொடுத்தார்கள். ஆட்சியாளரின் மொழி எதுவோ அதை அதன்மேல் எழுதினார்கள். வாங்குகிறவன் மனத்தையும் கொடுக்கிறவன் உரிமையையும் ஒருசேர மதித்த ஏற்பாடு அது.

இங்கே ஒரு சொற்செய்தியையும் நினைவுகூரலாம். சதுரத் துளை உடைய இச்சீனக் காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று அழைப்பர். அப்பெயர் நம் 'காசு' என்னும் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் நாவழியாகச் சென்றது என்று சொல்லாய்வாளர் கூறுவர். சீனத்தின் காசுக்குத் தமிழன் பெயர்! கடல் வணிகம் செய்த விந்தைகளுள் இதுவும் ஒன்று.

கல் சொல்லும் சான்று

நடு ஆசியாவின் செய்தி நமக்கு எதற்கு என்று வினவலாம். அங்கே தரை வழியாக நிகழ்ந்த கலப்பே இங்கே கடல் வழியாக நிகழ்ந்தது. தஞ்சைப் பகுதியில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு இவை அனைத்திலும் வியப்புக்குரியது. 1409-ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ அதனை நிறுவச் செய்தார்; அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள அக்கல்லின் முன் நிற்பவர்க்கு, அக்காலத்துத் துறைமுகங்களில் தமிழும் பாரசீகமும் அருகருகே ஒலித்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆலம்பரையும் புதுச்சேரியும்

நம் வானூர்ப் பகுதிக்கு வருவோம். இங்கிருந்து கிழக்கே சென்று கடற்கரைச் சாலையை அடைந்து, மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து வடக்கே போனால் கடப்பாக்கம் வரும். அதன் அருகே கழிமுகத்தை ஒட்டி இடிந்து நிற்பது ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் எழுந்து, ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இருந்து, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. அங்கே ஓர் அக்கசாலையும் இருந்தது. ஆலம்பரைக் காசும் வராகனும் இப்பகுதிச் சந்தைகளில் புழங்கின.

புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு வணிகர் கப்பல்களில் வெள்ளியைக் கொண்டுவந்து குவித்தனர். ஆனால் வெள்ளிக் கட்டியைக் கொடுத்தால் நெசவாளர் துணி கொடுப்பாரோ? அவர்க்கு வேண்டியது ஆற்காட்டு ரூபாய். எனவே ஆளுநர் துய்மா, நவாபு தோஸ்த் அலி கானிடம் வேண்டிப் புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமையை 1736-இல் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் புகழ்பெற்ற நாட்குறிப்பு தொடங்குவதும் அவ்வாண்டிலேயே. அதன் தொடக்கப் பகுதியிலேயே தங்கசாலைச் செய்தி பேசப்படுகிறது.

அவ்வாறு அடிக்கப்பட்ட ரூபாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 11 கிராமுக்குச் சற்று மிகுந்த வெள்ளி. பிரெஞ்சு மொழியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. டில்லிப் பேரரசர் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். ஊர்ப் பெயராக 'ஆற்காடு' இருக்கும். புதுச்சேரியில் அடித்தது என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு பிறை மட்டும் இருக்கும். அடித்தவர் பிரெஞ்சுக்காரர், பெயர் டில்லியினுடையது, ஊர் ஆற்காட்டினுடையது, வெள்ளி கடல் கடந்து வந்தது, அதனால் வாங்கியது நம் நெசவாளர் நெய்த துணி. துளைக் காசில் அரபு எழுதிய நடு ஆசியனுக்கும், ரூபாயில் பாரசீகம் பொறித்த பிரெஞ்சுக்காரனுக்கும் இடையே நாம் காணும் வேறுபாடு சிறிதே.

அதே புதுச்சேரியில் எளியோர் கையில் புரண்ட செப்புக் காசிலோ ஒரு புறம் பிரான்சு அரசரின் அல்லிப்பூச் சின்னமும், மறுபுறம் 'புதுச்சேரி' என்னும் பெயர் தமிழ் எழுத்திலும் இருந்தன. பெருவணிகத்துக்குப் பாரசீகம், கடைத்தெருவுக்குத் தமிழ். யாருடைய கைக்கு எந்தக் காசு போகும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயக் கும்பினியாரும் இதற்கு விலக்கல்லர். ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்று பொறித்து, இரண்டாம் ஆலம்கீர் பெயரால் அவர்கள் ஆற்காட்டு ரூபாய்களை அடித்தனர். அப்பேரரசர் 1759-இல் இறந்தார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே பெயரோடும் அதே ஆண்டோடும் காசுகள் வந்துகொண்டிருந்தன. மன்னர் மறைந்தாலும் மக்கள் அக்காசின்மேல் வைத்த நம்பிக்கை மறையவில்லை.

வானூர் வட்டம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பிறந்தபின் 'ஆற்காடு' என்னும் சொல் நம் முகவரியிலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் இப்பகுதியின் பழைய வெள்ளிக் காசில் அது இன்னும் பாரசீக எழுத்தில் நிலைத்திருக்கிறது, படிப்பார்தான் வேண்டும்.

உருவம் பொறித்த காசுகள்

கலப்புக் காசு என்றதும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. 'அவரவர் அடையாளம் அவரவர்க்கு, கலப்பு எதற்கு?' என்பது அவர்கள் வாதம். வரலாறு அவ்வளவு எளிதாகப் பிரிந்து நிற்பதில்லை. கஜினி மஹ்மூது 1027, 1028-ஆம் ஆண்டுகளில் லாகூரில் வெளியிட்ட வெள்ளிக் காசில் ஒருபுறம் அரபியில் கலிமா உள்ளது. மறுபுறம் அதன் பொருளே வடமொழியில் எழுதப்பட்டுள்ளது. முஹம்மது கோரியின் பொற்காசில் இலக்குமியின் உருவமும் நாகரி எழுத்தும் உள்ளன. ஹைதர் அலியின் வராகனில் ஒருபுறம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருக்க, மறுபுறம் அவர் பெயரின் முதலெழுத்தாகிய அரபு 'ஹே' மட்டும் நிற்கிறது.

இவற்றைக் கொண்டு அம்மன்னர்களின் சமய உள்ளத்தை அளக்க முற்படுவது தவறு; அவர்கள் நடத்திய போர்களை மறந்து அவர்களைச் சமரச ஞானிகளாகப் புனைவதும் தவறு. குடிமக்கள் ஏற்கும் காசைக் கொடுத்தால்தான் ஆட்சி நடக்கும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது என்பதே இக்காசுகள் உறுதியாகச் சொல்லும் செய்தி. அச்செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏற்பதே கற்றோர்க்கு அழகு. தமிழையே அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்றொரு மரபை வளர்த்த முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு இது புதிதும் அன்று, புரியாததும் அன்று.

சேர்ப்பது வேறு; காப்பது வேறு

இனி, நம்மை வருத்தும் செய்திக்கு வருகிறோம். காசு சேகரிப்பு இன்று பெருகியுள்ளது. மாணவர் பலர் சிறு பெட்டிகளில் பழங்காசுகளை வைத்திருக்கின்றனர். அரிய காசுக்கு விலையும் ஏறிவிட்டது. ஆனால் 'இது எங்கே கிடைத்தது?' என்று கேட்டால், 'கடையில் வாங்கியது' என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. கிடைத்த இடம் தெரியாத காசு, முகவரி கிழிந்த கடிதம் போன்றது. எழுதியிருப்பதைப் படிக்கலாம், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை அறிய இயலாது. ஆலம்பரை மணலில் கிடைத்த ஆற்காட்டு ரூபாய் ஒரு துறைமுகத்தின் வரலாற்றுக்குச் சான்று. அதே ரூபாய் கடைக்காரர் தட்டில் கிடக்கும்போது வெறும் வெள்ளி.

செப்புக் காசுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவை பாத்திரக் கடைக்கு எடைக்குப் போகின்றன; உலையில் உருகுகின்றன. தப்பியவற்றைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்கின்றனர். களிம்போடு எழுத்தும் போய்விடுகிறது.

'நாங்கள் வாங்கியிராவிட்டால் அவை உருகியிருக்குமே' என்று சேகரிப்போர் சொல்வது உண்மையே. அதனை நாம் மறுக்கவில்லை. கரூரில் அமராவதி ஆற்றிலும், நம் பக்கத்தில் திருக்கோவலூரை ஒட்டிய தென்பெண்ணை ஆற்றிலும் மணலைச் சலித்துக் காசெடுத்தவர்களிடமிருந்து சங்ககாலக் காசுகள் வெளிப்பட்டன. இதழாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அத்தகைய காசுகளைத் தேடி வாங்கினார். பாண்டியன் பெருவழுதியின் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் உள்ள காசையும், மலையமான்களின் காசுகளையும் ஆராய்ந்து வெளியிட்டார். 1997-இல் சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். அவர் 2021-இல் மறைந்தார். அவர் வெளியிட்டவை நிற்கின்றன. வாங்கியதோடு நில்லாமல் படித்தார், எழுதினார், பிறர் பார்வைக்கு வைத்தார் என்பதே அவரை வெறும் சேகரிப்பாளர் நிலையிலிருந்து உயர்த்தியது. பூட்டிய பெட்டியில் கிடக்கும் காசு, உருகிய காசைப் போலவே நாட்டுக்குப் பயன்படாதது.

எவரிடமும் முழுமையாக இல்லாதது

காசு படிக்கும் கலையில் ஒரு நுட்பம் உண்டு. கையால் அடிக்கப்பட்ட ரூபாய்களில் முத்திரை பெரியது. வெள்ளித் துண்டு சிறியது. ஆகவே எந்த ஒரு காசிலும் வாசகம் முழுமையாக விழுவதில்லை. ஒன்றில் பேரரசர் பெயரின் முற்பாதி இருக்கும். மற்றொன்றில் பிற்பாதி இருக்கும். மூன்றாவதில் ஊர்ப் பெயர் இருக்கும். நான்காவதில் ஆண்டு இருக்கும். ஒரு பெட்டியை மட்டும் வைத்திருப்பவர் ஒருபோதும் முழு வாசகத்தையும் படிக்கவொண்ணாது போகலாம். பத்துப் பேர் தம் காசுகளை ஒரு மேசைமேல் பரப்பினால் வாசகம் நிறைவுறும். பகிர்ந்தால் அன்றிப் பொருள் தராத செல்வம் இது.

அவ்வாசகத்தைப் படிக்க வல்லார் யார் என்பதே அடுத்த கேள்வி. ஒரு தலைமுறைக்கு முன்வரை பத்திரங்களையும் கடிதங்களையும் பாரசீகத்திலும் உருதுவிலும் படித்த முதியோர் ஊருக்கு ஒருவரேனும் இருந்தனர். அவ்வரிசை அருகி வருகிறது. தமிழ்த் துறையில் கல்வெட்டுப் படித்தவர்க்கு அரபு எழுத்து தெரிவதில்லை. அரபு எழுத்து தெரிந்தவர்க்குக் காசியல் தெரிவதில்லை. இவ்விரு அறிவும் ஒரே கூரையின்கீழ்க் கிடைப்பது நம்மைப் போன்ற கல்லூரிகளில்தான். காலையில் மதரஸாவில் எழுத்துக் கூட்டிப் பழகிய மாணவர், நண்பகலில் இங்கே தொல்காப்பியம் படிக்கிறார். அவர்க்குக் கைவந்த எழுத்தை இக்காசின்மேல் திருப்பினால் போதும். பாதி வழி கடந்தாயிற்று. மீதி வழிக்குப் பயிற்சி வேண்டும். காசில் உயிர்க்குறிகள் இல்லை, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், மொழியும் பாரசீகம். எனினும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலவே. 'சிக்கா' என்றால் காசு. 'ஸர்ப்' என்றால் அடித்த இடம். 'ஸனா' என்றால் ஆண்டு. 'ஜுலூஸ்' என்றால் அரியணை ஏறியது. இத்தகைய சொற்கள் இருபதைக் கற்றவர் ஆற்காட்டு ரூபாய் ஒன்றைத் தாமே படிக்கலாம்.

செய்யத்தக்கவை

நாம் வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, துறையில் ஒரு பதிவேடு தொடங்கப்பட வேண்டும். மாணவர் வீட்டிலோ ஊரிலோ உள்ள பழங்காசின் எடை, விட்டம், இருபுறத்துப் படம், கிடைத்த இடம், யார் வழி வந்தது என்ற செய்தி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். காசு உரியவரிடமே இருக்கட்டும், செய்தி பொதுவாகட்டும். பாட்டியின் சுருக்குப்பையில் இருந்தது என்றாலும் அதனையும் எழுதுக.

இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒரு முறையேனும் எழுத்துப் பயிற்சி நடைபெற வேண்டும். தமிழ்த் துறையும் அரபுத் துறையும் வரலாற்றுத் துறையும் ஒருங்கே அமர்ந்தால் அது இயலும்.

மூன்றாவதாக, மண்ணில் கிடைத்தவற்றைப் பற்றிய சட்டத்தை ஊரார்க்கு எடுத்துரைக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால் எல்லாம் பறிபோகும் என்று அஞ்சியே பலர் மறைக்கின்றனர். அரசே அதை எடுத்துக்கொள்ளும்போது மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு என்பதை அவர்கள் அறியார். நூறாண்டு கடந்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே விற்பதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவதாக, பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லத்துப் பழம்பெட்டிகளில் காசோ, பாரசீகத்தில் எழுதிய ஓலையோ தாளோ இருப்பின், அவற்றைத் தேய்க்கவும் வேண்டா. எடைக்குப் போடவும் வேண்டா. ஒருநாள் எங்கள் மாணவர் கண்ணில் காட்டுங்கள். படித்துச் சொல்லித் திருப்பித் தருவர்.

'இதனால் வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்பது இயல்பே. தொல்லியலிலும் அருங்காட்சியகப் பணியிலும் சேர விழைவோர்க்குப் பழைய எழுத்துகளைப் படிக்கும் திறன் கைகொடுக்கும் என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. இந்த மண்ணில் யார் உள்ளூரார், யார் அயலார் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. அவ்வாதத்துக்கு உரத்த குரலில் மறுமொழி கூறுவதைவிட, நம் கடற்கரையில் அடித்த ஒரு ரூபாயையும் தமிழில் ஊர்ப்பெயர் தாங்கிய ஒரு துட்டையும் அருகருகே வைத்து, இரண்டையும் பிழையின்றிப் படித்துக் காட்டுவது வலியது. அவ்வாறு படித்துக் காட்ட வல்ல மாணவர் பத்துப் பேரை ஆண்டுதோறும் நம் துறை உருவாக்குமாயின், அதுவே முன்னோரின் நாணயத்துக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.